இடது காதுக்குக் கொஞ்சம், வலது காதுக்குக் கொஞ்சம்



"சார், ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டினால் பாட்டில் வயலின் காணாமல் போகிறதே, ஏன்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் மம்சாபுரத்தில் பொங்கல் என்றால் ரேடியோ செட்டுக்காரர் இரண்டு குழாய் கட்டுவார். இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். அதுதான் மோனோ. சென்னை ஸ்டுடியோக்களிலும் நெடுங்காலம் அப்படித்தான் பதிவு செய்தார்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே பாடி வாசிக்க வேண்டும். ஒரு வாத்தியம் ஓங்கிக் கேட்டால், வாசிப்பவரை மைக்கை விட்டுத் தள்ளி உட்கார வைப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து! ஜமக்காளத்தை எங்கே விரிப்பது என்பதிலேயே பாதி மிக்ஸிங் முடிந்துவிடும்.

இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி என்ற யோசனைக்கு, இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1931லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று 1978இல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். இசை இளையராஜா.

பல டிராக் பதிவு வந்ததும், தனித்தனியாகப் பதிந்ததைக் கலக்க ஒரு ஆள் தேவைப்பட்டார். குரலை இரண்டு பக்கமும் சமமாக அனுப்பினால் அது நடுவில் நிற்பதுபோல் கேட்கும். வயலினை ஒரு ஓரமாக ஒதுக்குவார். மாணவி தேடிய வயலின் மறு காதில்தான் இருந்தது. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கியும் கேட்டுப் பார்ப்பார். ஏனென்றால், எதிரெதிராக அதிரும் ஒலிகள் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் நம் ஊர்க் குழாயில் பாட்டு தேய்ந்துபோயிருக்கும்.

இந்த வேலையில் பெரிய கை ஹெச்.ஸ்ரீதர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய நான்குக்கும் ஒலிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பர் 1 அன்று மறைந்துவிட்டார். 2010 ஜனவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தபோது, ஏ.ஆர்.ரஹ்மானுடன் ஒலிக்கலவைக்காக பி.ஏ.தீபக், ஸ்ரீதர் பெயர்களும் இருந்தன. ரஹ்மான் பெயரை நாடே கொண்டாடியது. ஸ்ரீதர் பெயர் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் வீட்டிலாவது பழைய கேசட் உறை இருந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்துக் கீழே போடுங்கள். ஒலிப்பதிவு செய்தவர் பெயர் தெளிவாகத் தெரியட்டும்.