பழைய நாணயங்களைப் பேணல்

பழைய நாணயங்களைப் பேணல் என்பது சேகரிப்பில் உள்ள காசுகளை, அவற்றின் உருவமும் எழுத்தும் அழியாத வகையில் காத்து வைக்கும் முறைகளைக் குறிக்கும். தூய்மைப்படுத்தல் இதன் ஒரு சிறு பகுதியே. தேய்த்து மெருகேற்றிய நாணயம் புதியது போல் மின்னினாலும் இழந்த மேற்பரப்பு மீண்டும் கிடைப்பதில்லை. ஆய்வு மதிப்பும் விற்பனை மதிப்பும் குறைகின்றன. எனவே ஐயம் இருப்பின் நாணயத்தைத் தூய்மைப்படுத்தாமல் விடுவதே பொது விதியாகும்.

மேற்படலம்

காற்று, ஈரம், மண் ஆகியவற்றுடன் உலோகம் நெடுங்காலம் வினைபுரிவதால் நாணயத்தின் மேல் ஒரு படலம் உருவாகிறது. இது செம்பில் பழுப்பு அல்லது பச்சை நிறத்திலும், வெள்ளியில் வெள்ளி சல்பைடு காரணமாகக் கருமையாகவும் காணப்படும். மண்ணில் கிடந்த செப்புக் காசுகளில் எழுத்தின் நுண்வடிவம் பெரும்பாலும் இப்படலத்திலேயே எஞ்சியிருக்கும். படலத்தை நீக்கினால் எழுத்தும் மறையும். சங்ககாலப் பாண்டியரின் செப்புக் காசு ஒன்றில் குதிரை உருவத்துடன் "பெருவழுதி" என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் உள்ளது. இத்தகைய காசில் ஓரிரு எழுத்துகள் சிதைந்தாலும் அதை வெளியிட்டவரை அறிவது கடினமாகிவிடும்.

தவிர்க்க வேண்டியவை

* புளி, எலுமிச்சைச் சாறு, வினிகர்: இவற்றிலுள்ள அமிலம் செம்பின் படலத்தைக் கரைத்து, இயல்பற்ற இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும்.
* திருநீறு, சாம்பல், பற்பசை: இவற்றின் துகள்கள் நுண்கீறல்களை உண்டாக்கும்.
* சலவைச் சோடா: இந்திய அலுமினியப் பைசா நாணயங்களை அரிக்கும். அலுமினியம் அமிலம், காரம் இரண்டாலும் பாதிக்கப்படும்.
* வெள்ளி மெருகு நீர்மங்கள்: கருமையுடன் மேற்பரப்பையும் சிறிது அகற்றி, நாளடைவில் பொலிவைக் குறைக்கும். 1940க்கு முந்தைய பிரித்தானிய இந்திய ஒரு ரூபாய் நாணயங்கள் (91.7% வெள்ளி) பல இவ்வாறு மதிப்பிழந்துள்ளன.

கழுவும் முறை

# நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தில் கைரேகையைப் பதித்துவிடும்.
# தளர்வான மண்ணை நீக்க, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும்.
# எண்ணெய்ப் பிசுக்கும் பசையும் நீங்கத் தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பயன்படுத்தலாம். இது எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமான இடம் தேவை.
# மென்துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். தேய்க்கக் கூடாது.

வெண்கல நோய்

எல்லாப் பச்சைப் படலமும் தீங்கற்றதன்று. செம்பு அல்லது வெண்கல நாணயத்தில் சுரண்டினால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் தோன்றினால் அது வெண்கல நோயாக இருக்கலாம். நாணயத்தினுள் தங்கிய குளோரைடு, ஈரத்துடனும் ஆக்சிசனுடனும் சேர்ந்து செம்பைத் தொடர்ந்து அரிப்பதே இதன் காரணம். நுண்ணுயிரிகளால் ஏற்படாததால் இது தொற்றுநோய் அன்று. இருப்பினும் அத்தகைய நாணயத்தைத் தனியே பிரித்து, ஈரமற்ற மூடிய பெட்டியில் வைத்து, பேணல் வல்லுநரிடம் காட்ட வேண்டும். அருங்காட்சியக ஆய்வகங்களில் இதற்குப் பென்சோடிரையசோல் பயன்படுகிறது. இது நச்சுத்தன்மை கொண்டதாதலால் வீட்டில் கையாளத்தக்கதன்று.

சேமிப்பு

மென்மையான பிவிசி உறைகளில் இருந்து கசியும் பொருள் நாணயத்தில் பச்சைநிறப் பிசுக்கை ஏற்படுத்தும். பாலியெசுட்டர் அல்லது பாலிப்புரொப்பிலீன் உறைகள் ஏற்றவை. கந்தகம் கலந்த ரப்பர் வளையங்கள் வெள்ளியைக் கருக்கும் என்பதால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கடலோர ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா செல் பொட்டலம் இட்டு, அதை அவ்வப்போது மாற்றுவது நன்று.

சட்ட நிலை

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அவ்வாறு கிடைத்த காசுகளைக் கழுவாமல் ஒப்படைப்பதே சிறந்தது. அவற்றில் ஒட்டியுள்ள மண்ணும் தொல்லியலாளருக்குச் சான்றாகும்.

இவற்றையும் பார்க்க

* நாணயவியல்
* சங்ககால நாணயங்கள்
* அரிப்பு (வேதியியல்)