செம்பு போன வழியும் சைக்கிள் வந்த வழியும்

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை அறிய விழைவோர் சுங்க அறிக்கைகளையும் வங்கிக் கணக்குகளையும் புரட்டுவது வழக்கம். சாம்பியாவைப் பொறுத்தவரை ஒரு துவிச்சக்கரவண்டியின் பின்னே சென்றாலும் போதுமென்று நாம் கருதுகிறோம்.

அந்நாடு வட ரொடீசியா என வழங்கிய காலத்தில், தெற்கிலிருந்து வந்த இருப்புப்பாதை 1905இல் விக்ரோரியா நீர்வீழ்ச்சியைக் கடந்து, 1909இல் கொங்கோ எல்லையை அடைந்தது. அப்பாதை சுரங்கங்களுக்காகப் போடப்பட்டது. அதற்கு அப்பாலிருந்த கிராமங்களுக்கு ஒற்றையடிப்பாதையே கதி. சுரங்கக் கூலிக்குச் சென்ற இளைஞர் ஊர் மீள்கையில், சேர்த்த காசில் வாங்கிய சைக்கிளொன்றை உருட்டிவருவர். செம்பு கப்பலேறிற்று, நொட்டிங்காமிலும் பேர்மிங்காமிலும் செய்த வண்டி வந்திறங்கிற்று. இக்கொடுக்கல் வாங்கலில் வண்டி செய்யும் தொழிலைக் கற்றவர் யாரெனக் கேட்பின் விடை எளிது.

1964இல் நாடு விடுதலை பெற்றது. கென்னத் கவுண்டாவின் அரசு 1968இல் பெரும் வணிக நிறுவனங்கள் பலவற்றின் 51 வீதப் பங்கைத் தன்வசமாக்கிற்று. பின்னர் மலாவி எல்லையை அண்டிய சிப்பாட்டாவில் அரசின் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தது. ஆனால் எழுபதுகளின் நடுவில் செம்பின் விலை சரிந்தது, கடன் ஏறிற்று, 1991இல் ஆட்சி மாறியபின் அரசுத் தொழில்கள் விற்கப்பட்டன. சிப்பாட்டாத் தொழிற்சாலையும் ஓய்ந்தது.

அடுத்த அத்தியாயம் நமது கரையிலே தொடங்கியமை வியப்புக்குரியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீவ்' என்னும் அமெரிக்க அமைப்பு இலங்கையில் ஏறத்தாழ 24,000 சைக்கிள்களை வழங்கியது. அதன் பின்னர் அவ்வமைப்பு சாம்பியாவுக்குச் சென்று, எய்ட்ஸ் நோயாளரை வீடுதேடிச் சென்று பராமரித்த தொண்டருக்கு 23,000 வண்டிகள் வரை கொடுத்தது. வழக்கமான வண்டிகள் அந்நிலத்துப் பாதைகளைத் தாங்கவில்லை. எனவே நூறு கிலோ சுமக்கும் கரியருடன் 'பஃபலோ' என்ற கனத்த வண்டி வகுக்கப்பட்டது. இலவசமாகக் கொடுத்ததோடு நில்லாது, விற்பனைக்கென ஒரு நிறுவனமும் தோன்றியது. கிராமத்து இளைஞர் திருத்தும் தொழிலிற் பயிற்றப்பட்டுக் கருவிகளும் பெற்றனர்.

உதிரிகளைப் பூட்டும் கூடத்தில் வேலை பெறுவோர் சிலரே. பிழைப்பின் பெரும்பகுதி வெளியிலேதான் இருக்கிறது: விறகுக்கரி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுபவன், காய்கறி கொண்டுசெல்பவன், மரநிழலில் ஒட்டுப்போடுபவன். நமது சந்தியிற் பூவரச நிழலில் ரியூப்பை நீர்ச்சட்டியில் அமுக்கிக் குமிழி பார்க்கும் ஐயாவை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மலிவு உதிரிகள் மாதத்தில் முறியுமாயின் அவருக்கு வேலை கூடுமென்று சிலர் கூறலாம். ஆனால் முறிந்த வண்டிக்காரனிடம் கூலி கொடுக்கக் காசிராது.

சங்கிலியும் சில்லும் சட்டமும் இன்னும் ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்தே வருகின்றன. 2007இல் லுசாக்காவில் தொடங்கிய 'சாம்பைக்ஸ்' உள்ளூர் மூங்கிலாற் சட்டம் செய்து காட்டிற்று. சங்கிலிக்கு அவர்களும் கடலையே நோக்கினர். சாம்பியாவுக்குக் கடற்கரை இல்லை. தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து பொருள்களை ஏற்றி வரும் லொறிகள் திரும்பும்போது செம்பை ஏற்றிச் செல்கின்றன.