அமெரிக்க மாநிலங்களில் பெர்ஃப்யூஷனிஸ்ட் உரிமம்

திறந்த இதய அறுவைச் சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். துணை மருத்துவத் தொழில்களில் ஆள் எண்ணிக்கை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் இவர்களுக்கு உரிமம் தருவது ஒன்றிய அரசு அல்ல, மாநிலங்கள். மருத்துவத் தொழில் செய்யத் தகுதி வகுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1889இல் டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாடே இன்றும் தொடர்கிறது. அதனால் ஒரு மாநிலத்தில் உரிமம் கட்டாயமாக இருக்கும் இதே வேலைக்கு, வேறொரு மாநிலத்தில் தனிச் சட்டமே இல்லாமலும் இருக்கலாம்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் இருந்த துளையை அடைத்தார். அவருடைய இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை 26 நிமிடங்கள் இயந்திரமே முழுமையாகச் செய்தது. அதன்பின் இத்தகைய அறுவைகள் பெருகின. தொடக்க காலத்தில் பம்ப் அருகே நின்றவர்கள் ஆய்வகத்திலிருந்தோ செவிலியர் பணியிலிருந்தோ வந்து, வேலையிடத்திலேயே தொழில் கற்றவர்கள்.

வேலையோ சிறு பிழையையும் தாங்காது. நோயாளியை இயந்திரத்தோடு இணைக்குமுன் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் செலுத்துவார்கள். உறைதல் நேரம் 480 விநாடியைத் தாண்டிய பிறகே பைபாஸை, அதாவது இயந்திரவழி இரத்த ஓட்டத்தை, தொடங்குவது பல மருத்துவமனைகளின் வழக்கம். பிறகு உடலிலிருந்து வரும் கரிய இரத்தம் தேக்கக் கலத்தில் சேர்ந்து, ஆக்சிஜனேற்றி வழியாகச் சிவந்து, பெருந்தமனிக்குத் திரும்பும். கலத்தில் இரத்த மட்டம் இறங்குவதைக் கவனிக்காமல் விட்டால் காற்று குழாயில் ஏறி மூளை வரை போய்விடும். பம்பை நிறுத்தக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

இத்தொழிலின் தகுதி அளவுகோல் சட்டமன்றத்தில் பிறக்கவில்லை. 1975இல் அமைந்த அமெரிக்க இதய-இரத்தநாளப் பெர்ஃப்யூஷன் வாரியம் என்ற தனியார் அமைப்பே அதை வகுத்தது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் குறைந்தது 75 பெர்ஃப்யூஷன்களைச் செய்து பழகியிருக்க வேண்டும். பின்னர் அடிப்படை அறிவியலில் ஒன்றும் மருத்துவப் பயன்பாட்டில் ஒன்றுமாக இரண்டு தேர்வுகள். தேறியவர் சான்றிதழைத் தக்கவைக்க ஆண்டுக்கு 40 பெர்ஃப்யூஷன்களுக்குக் கணக்குக் காட்டுவதோடு, தொடர் கல்வியும் பெற வேண்டும். சர்க்கார் உத்தரவு எதுவும் இல்லாமல் தொழில்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது.

மாநிலங்கள் பின்னால்தான் வந்தன. 1993இல் சட்டம் இயற்றிய டெக்சாஸ் முன்னோடிகளுள் ஒன்று. ஓக்லஹோமா, மிசோரி, ஜார்ஜியா, வட கரோலினா, பென்சில்வேனியா, மேரிலாந்து முதலியவை பிற்பாடு சேர்ந்தன. இத்தனை சிறிய தொழிலுக்குத் தனி வாரியம் நடத்துவது செலவு என்பதால், பல மாநிலங்கள் மருத்துவ வாரியத்தின் கீழ் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்து வேலையை முடித்துக்கொண்டன. இச்சட்டங்கள் பெரும்பாலும் புதிய தேர்வு எதையும் உண்டாக்கவில்லை. தனியார் வாரியத்தின் தேர்வையே உரிமத்துக்கான தேர்வாக ஏற்றுக்கொண்டன. சட்டம் வருமுன்பே பல ஆண்டுகள் பம்ப் ஓட்டியவர்களுக்குக் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் தேர்வின்றி உரிமம் தரும் விதிவிலக்கும் வழக்கமாக இருந்தது.

படிப்பு முடித்துத் தேர்வுக்குக் காத்திருப்பவருக்குத் தற்காலிக உரிமம் உண்டு. நம்மூரில் வண்டி ஓட்டப் பழகுபவருக்குத் தரும் எல்எல்ஆர் போல, உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். தேர்வில் தவறினால் அதைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் சட்டங்களும் உள்ளன.

கலிஃபோர்னியாவின் வழி வேறு. அங்கே சட்டம் காப்பது பட்டப்பெயரை மட்டுமே: உரிய படிப்பும் தேர்வும் இல்லாதவர் தம்மைப் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. உரிமச் சட்டம் உள்ள மாநிலங்களிலோ வேலையே வேலியிடப்பட்டிருக்கிறது. அந்த வேலியை எங்கே போடுவது என்பதில்தான் உரசல். இதய, நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியே இயந்திரம் செய்யும், வாரக்கணக்கில் நீளக்கூடிய எக்மோ சிகிச்சையைப் பல மருத்துவமனைகளில் செவிலியரும் சுவாச சிகிச்சையாளரும் கவனித்துக்கொள்கிறார்கள். இவர்களைக் குற்றவாளியாக்காமல் இருக்க, வேறு தொழில் உரிமம் பெற்றோர் தம் எல்லைக்குள் செய்யும் வேலைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று சட்டங்களில் ஒரு பிரிவு சேர்ப்பார்கள்.

சான்றிதழ் இருக்கும்போது உரிமம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். உரிமச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் மருத்துவமனைகள் பொதுவாகச் சான்றிதழைக் கேட்கவே செய்கின்றன. ஆகவே உரிமத்தால் திறமை கூடிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. தனியார் வாரியம் சான்றிதழைப் பறிக்கலாம், வேலை செய்வதைத் தடுக்க முடியாது. மாநிலத்தால் முடியும்: புகாரை விசாரிக்கலாம், தண்டம் விதிக்கலாம், உரிமத்தை ரத்து செய்யலாம். இந்த ஏற்பாட்டுக்கு விலை கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

இந்தியாவில் ஏற்பாடு வேறு. பெர்ஃப்யூஷனிஸ்ட்டுகளையும் உள்ளடக்கிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கல்வித் தரத்தை வகுப்பது தேசிய ஆணையம். பதிவேடு மாநிலக் கவுன்சில்களிடம், அவற்றைத் தொகுத்த மத்தியப் பதிவேடு ஒன்றும் உண்டு. படிப்பு முடிந்ததும் எழுத வேண்டிய உரிமத் தேர்வுக்கும் அச்சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.