மாதிரிக் கப்பல் பீரங்கி ஆக்கம்

மாதிரிக் கப்பல் பீரங்கி ஆக்கம் என்பது, மரக் கப்பல் மாதிரிகளுக்குத் தேவையான பீரங்கிகளையும் அவற்றைத் தாங்கும் வண்டிகளையும் ஆயத்த உதிரிகளாக வாங்காது, மரக்கட்டை, பித்தளைத் தண்டு, கம்பி, நூல் போன்ற மூலப்பொருட்களிலிருந்தே செய்து கொள்வதாகும். ஆயத்தப் பீரங்கிகள் பெரும்பாலும் பல கப்பல்களுக்கும் பொதுவாக வார்க்கப்படுபவை. ஆகையால் ஒரு குறிப்பிட்ட கப்பலின், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பீரங்கியோடு அவை பொருந்துவது அரிது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது பிரித்தானியக் கடற்படையின் விக்டரி என்னும் போர்க்கப்பல் ஆகும். 1765 இல் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், 1805 இல் நடைபெற்ற டிரபல்கார் போரில் 104 பீரங்கிகளைக் கொண்டிருந்தது. இவற்றுள் 30 பீரங்கிகள் கீழ்த்தளத்தில் இருந்த 32 பவுண்டர்கள். 32 பவுண்டர் என்பது அது எறியும் குண்டின் எடையைக் (ஏறத்தாழ 14.5 கிலோகிராம்) குறிக்கும்; பீரங்கியின் எடையை அன்று.

அளவுகளைக் கணித்தல்

32 பவுண்டரின் குழல் 9 அடி 6 அங்குல நீளமும், அதன் உள்விட்டம் 6.41 அங்குலமும் கொண்டவை. 1:64 அளவுவிகிதத்தில் இவை முறையே 45.2 மில்லிமீட்டராகவும் 2.5 மில்லிமீட்டராகவும் சுருங்கும். குழலின் நீளம் பின்புற அடிவளையத்திலிருந்து வாய் வரையே அளக்கப்படும். பின்னால் நீண்டிருக்கும் குமிழ் இதில் சேராது. குமிழையும் சேர்த்து 45 மில்லிமீட்டருக்குள் அடக்கிவிடுவது தொடக்கநிலையாளர் பலரும் செய்யும் பிழையாகும்.

பிற அளவுகள் பெரும்பாலும் உள்விட்டத்தைச் சார்ந்தவை. குழலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பக்க முளைகளின் விட்டமும் நீளமும் ஏறத்தாழ உள்விட்டத்துக்குச் சமம். வண்டியின் பக்கப் பலகைகளின் தடிப்பும் அவ்வாறே. 18 ஆம் நூற்றாண்டு விதியொன்றின்படி, பக்க முளைகளின் மையம் அடிவளையத்திலிருந்து குழல் நீளத்தின் ஏழில் மூன்று பங்குத் தொலைவில், அதாவது இம்மாதிரியில் 19.4 மில்லிமீட்டரில், அமையும். அக்காலப் பீரங்கிகள் பலவற்றில் முளைகள் குழலின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைந்திருந்தன.

குழல்

பித்தளைத் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, தகட்டில் வெட்டிய வடிவ அச்சை ஒட்டிப் பார்த்துக் கடைவது வழக்கமான முறை. கடைசல் இயந்திரம் இல்லாதோர் கைத்துளைப்பொறியில் மரத்தண்டைப் பூட்டிச் சுழற்றி, அரத்தாலும் உப்புத்தாளாலும் உருவாக்குவர். ஒன்றிரண்டு குழல்களுக்கு இது போதும். முப்பது குழல்கள் ஒன்றுபோல் வேண்டுமாயின், ஒரு குழலை மட்டும் மிகுந்த கவனத்தோடு கடைந்து, அதைக் கொண்டு சிலிக்கோன் இரப்பரில் இருபகுதி அச்சு எடுத்து, பிசினை வார்ப்பது நல்லது. அடுத்தடுத்து நிற்கும் பீரங்கிகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் வேறுபாடும் கண்ணில் படும்.

காலத்துக்கேற்ற வடிவத்தையும் கவனிக்க வேண்டும். தாமசு புளூம்பீல்டு வடிவமைத்து 1790களில் பரவிய பீரங்கிகளில், பின்னுதைப்பைத் தாங்கும் கயிறு செல்வதற்காகக் குமிழுக்கு மேல் ஒரு வளையம் உண்டு. டிரபல்கார் காலத்து விக்டரிக்கு இது பொருந்தும். 1765 ஆம் ஆண்டு விக்டரியைக் காட்டும் மாதிரியில் இவ்வளையம் இடம்பெற்றால் அது காலப்பிழையாகும்.

வண்டி

உண்மையான வண்டிகள் பெரும்பாலும் எல்ம் மரத்தால் ஆனவை. மாதிரிகளுக்கு நுண்ணிய இழையுள்ள பேரி மரம் ஏற்றது. எல்ம், ஓக் ஆகியவற்றின் பருத்த இழைகள் சிறிய அளவில் பொருந்தாத் தோற்றம் தரும்.

இரு பக்கப் பலகைகள், இரு அச்சுகள், நான்கு சக்கரங்கள், ஒரு குறுக்குக்கட்டை, ஒரு படுக்கைப் பலகை, குழலை உயர்த்தித் தாழ்த்தும் ஓர் ஆப்பு என ஒரு வண்டிக்கு 11 மரத்துண்டுகள் வேண்டும். முப்பது வண்டிகளுக்கு 330 துண்டுகள். எனவே ஒவ்வொன்றாக வெட்டாமல், ஒரு கட்டையைப் பக்கப் பலகையின் படிவடிவில் செதுக்கி, பின்னர் உரிய தடிப்பில் சீவி எடுப்பர். மர இழை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். இல்லையேல் படிகள் உடைந்துவிடும். குழல் வாய்ப்புறம் ஒடுங்குவதால், பக்கப் பலகைகளும் முன்புறம் சற்று நெருங்கி நிற்கும். இவற்றை இணையாக ஒட்டினால் குழல் சரியாக அமராது.

முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விடப் பெரியவை. கப்பல் தளம் நடுவில் உயர்ந்து ஓரங்களை நோக்கிச் சரிவதே இதன் காரணம். நான்கும் ஒரே அளவாயின் குழல் கடலை நோக்கித் தாழும்.

சாளரத்தோடு பொருத்துதல்

இவ்வேலையில் மிகுதியான உழைப்பு வீணாவது இங்குதான். பீரங்கி தனியே எவ்வளவு சரியாக இருந்தாலும், அதன் நடுக்கோடு பக்கச்சுவரிலுள்ள பீரங்கிச் சாளரத்தின் ஏறத்தாழ நடுவில் வராவிட்டால் பயனில்லை. தளப்பலகையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் கூடினாலே குழல் மேல்விளிம்பை நெருங்கிவிடும். எனவே சாளரங்களை வெட்டுவதற்கு முன்பே ஒரு முழுப் பீரங்கியை வண்டியோடு செய்து, தளத்தில் நிறுத்தி உயரத்தைக் குறிக்க வேண்டும். முப்பதையும் முடித்த பின் இதைச் சோதிப்போர் சக்கரங்களைத் தேய்த்துச் சரிசெய்ய நேரும். அப்போது முன், பின் சக்கரங்களின் விகிதம் கெடும்.

மூடிய கீழ்த்தளங்களில் வண்டிகள் வெளியில் தெரியா. அங்கு வாய்ப்பகுதியை மட்டும் உள்ளிருக்கும் கட்டையில் செருகுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமே.

கயிறும் உலோகமும்

பழைய ஆவணங்களில் கயிற்றின் அளவு சுற்றளவாகவே தரப்படுகின்றது. 7 அங்குலக் கயிறு என்பதன் விட்டம் 2.2 அங்குலம் மட்டுமே. 1:64 இல் இதற்கு 0.9 மில்லிமீட்டர் நூல் போதும். சுற்றளவை விட்டமாகக் கொண்டால் மும்மடங்கு தடித்த கயிறு வந்து சேரும்.

ஈயத்தால் வார்ப்பது எளிதெனினும் தவிர்க்கத்தக்கது. உருக்கும்போது நச்சுத்தன்மை உண்டு என்பதோடு, ஓக் போன்ற மரங்களிலிருந்து வெளியாகும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய கண்ணாடிப் பேழையினுள் ஈயத்தைத் தாக்கி வெண்ணிற ஈயக் கார்பனேட்டாக மாற்றும். வண்ணப்பூச்சு இதனை முற்றாகத் தடுப்பதில்லை. இவ்வாறு பொடிந்த குழலை மீட்க முடியாது. புதிதாகவே செய்ய வேண்டும்.