அலமாரியில் தூங்கிய தட்டு

1958 ஜூலையில், லிவர்பூல் கென்சிங்டன் பகுதியில் 38-ஆம் எண் வீட்டில் அந்த இசைத்தட்டு பிறந்தது. பெர்சி பிலிப்ஸ் அங்கே சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். காசு கொடுத்தால் போதும், யார் பாடினாலும் தட்டில் பதிந்து கொடுப்பார்.

அன்று வந்தவர்கள் குவாரிமென் என்ற குழுவினர். ஜான் லெனனுக்கு 17 வயது, பால் மெக்கார்ட்னிக்கு 16, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 15. பியானோவில் ஜான் டஃப் லோ, டிரம்ஸில் காலின் ஹான்டன். ஒரு பக்கம் பட்டி ஹாலியின் பாட்டு. மறுபக்கம் சொந்தச் சரக்கு, 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்'. எழுதியவர்கள் என்று மெக்கார்ட்னி, ஹாரிசன் பெயர்கள். இரண்டையும் முன்னின்று பாடியவர் லெனன். மொத்தச் செலவு ஒரு பவுண்டைத் தொடவில்லை. கிடைத்ததும் ஒரே ஒரு தட்டுதான்.

ஐந்து பேருக்கு ஒரு தட்டு என்றால் முறைவைத்துத்தானே கேட்க வேண்டும்! ஆளுக்குக் கொஞ்ச நாளாகக் கைமாறி வந்தது, கடைசியில் டஃப் லோவிடம் போய்த் தங்கிவிட்டது. அவரோ குழுவை விட்டே விலகிவிட்டார். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் பீட்டில்ஸ் ஆகி, உலகைச் சுற்றி, பிரிந்தும் போனார்கள். தட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதுவே அதன் அதிர்ஷ்டம் என்பேன். அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு பூசிய அசிடேட் தட்டு அது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். ஆசை ஆசையாகப் போட்டுக் கேட்டிருந்தால் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

1981-இல் மெக்கார்ட்னி அதை விலைக்கு வாங்கினார். ஒலியைச் சீர்செய்து, 50 பிரதிகள் அளவில் எடுத்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். ஊருக்கெல்லாம் கேட்கக் கிடைத்தது 1995 நவம்பரில், 'ஆந்தாலஜி 1' தொகுப்பு வந்தபோதுதான். அதற்குள் லெனன் இறந்து கிட்டத்தட்ட 15 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்தத் தொகுப்பில் ஒரு குறை. சொந்தப் பாட்டில் சுமார் 40 நொடிகளை வெட்டிவிட்டார்கள். பையன்கள் பாட்டை இழுத்துக்கொண்டே போனது உண்மைதான். ஆனாலும் 37 ஆண்டு காத்திருந்து வந்த பாட்டில் கத்திரி வைத்திருக்கக் கூடாது.