மொசார்ட் யாருக்காக ரெக்வியம் எழுதினார்?

‘அமடியஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. மொசார்ட் படுக்கையில் கிடக்கிறார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் சாலியேரி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நொட்டேஷன் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதப்படுவது ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான இசை. தன் சாவுக்குத் தானே இசையமைத்துக்கொண்டு செத்துப்போகும் கலைஞன்! 1984இல் வந்த படம். நான் ரொம்ப வருஷம் கழித்து டிவிடியில்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து நாலைந்து பேரிடமாவது இதை நிஜம் மாதிரியே சொல்லியிருப்பேன். இந்தக் கட்டுரை அதற்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலியேரி அந்தப் படுக்கை பக்கத்தில் இல்லை. அது நாடகத்துக்காகச் செய்த கற்பனை. ஆனால் ‘தனக்காகவே எழுதினார்’ என்கிற பெரிய கதை இருக்கிறதே, அது படத்தைவிட ரொம்பப் பழசு. அது எங்கிருந்து வந்தது என்று தேடப்போனதில்தான் எனக்கு வேறு சில சாவுகள் கண்ணில் பட்டன.

முதல் சாவு மொசார்ட்டுடையது இல்லை. ஆஸ்திரியாவில் ஸ்டுப்பாக் என்ற ஊரின் மாளிகையில் பிரான்ஸ் வால்செக் என்று ஒரு பிரபு இருந்தார். அவருடைய மனைவி பெயர் அன்னா. 1791 பிப்ரவரி 14 அன்று அன்னா இறந்துபோனார். வயது 20. பிரபுவுக்கும் முப்பது ஆகவில்லை. மனைவியின் நினைவுக்காக அவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, சிற்பியை வைத்து ஒரு நினைவுச் சின்னம். இன்னொன்று, ஆண்டுதோறும் நினைவு நாளில் பாட ஒரு ரெக்வியம். கத்தோலிக்கர்கள் இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வைக்கும் திருப்பலியில் பாடுகிற இசை அது. லத்தீனில் இருக்கும். நம்மூர்ப் பழைய கோயில்களிலும் 1960கள் வரைக்கும் இந்தப் பூசை லத்தீனில்தான் நடந்தது.

அந்த வருஷக் கோடையில் பெயர் சொல்லாத ஒரு தூதர் மொசார்ட்டிடம் வந்து வேலையைக் கொடுத்தார். முன்பணமும் உண்டு. அனுப்பியது யார் என்று விசாரிக்கக் கூடாது. பின்னாளில் இந்தத் தூதர்தான் சாம்பல் நிற உடை போட்ட மர்ம மனிதராக, எமனின் ஆளாக ஆக்கப்பட்டார். நிஜக் காரணம் கொஞ்சம் அற்பமானது. வால்செக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெரிய இசைக்காரர்களிடம் ரகசியமாகக் காசு கொடுத்து இசை வாங்குவார். அதைத் தன் கையால் பிரதி எடுத்துக்கொள்வார். தன் வீட்டு வாத்தியக்காரர்களிடம் கொடுத்து, ‘இது யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம்’ என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே ‘உங்களுடையதுதான் பிரபு’ என்பார்களாம். இதை அங்கே வாசித்த அன்டன் ஹெர்ட்சாக் என்பவர் 1839இல் விரிவாக எழுதிவைத்தார். தணிக்கையில் சிக்கிய அந்தக் குறிப்பு அச்சில் வந்தது 1964இல்! அதுவரைக்கும் மர்ம மனிதர் கதைக்கு நல்ல தீனி.

சரி, மொசார்ட் அந்த மாதங்களில் சாவையே நினைத்துக்கொண்டு கிடந்தாரா? அவருடைய வேலைப் பட்டியலைப் பாருங்கள். செப்டம்பர் 6, பிராக் நகரில் ‘டீட்டோ’ ஓபரா. செப்டம்பர் 30, வியன்னாவில் ‘மாயப் புல்லாங்குழல்’. அக்டோபரில் கிளாரினெட் கான்செர்ட்டோ. ரெக்வியத்தில் உட்காரவே நேரம் இல்லை. அப்போது மனைவி கான்ஸ்டான்ஸ பாடன் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சையில் இருந்தார். அவருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. தனியாகவே பில்லியர்ட்ஸ் ஆடினேன், குதிரையை விற்றேன், கறுப்புக் காபி குடித்தேன், சுங்கான் பிடித்தேன், கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதிக்கு வாத்தியம் சேர்த்தேன் என்று இருக்கின்றன. அக்டோபர் 14 கடிதம்தான் கிடைத்ததில் கடைசி. அதில் முந்தின நாள் சாலியேரியை வண்டி வைத்து ஓபராவுக்கு அழைத்துப்போனதையும், அவர் ஒவ்வொரு பாட்டையும் பாராட்டியதையும் சந்தோஷமாகச் சொல்கிறார். விஷம் வைத்தவர் என்று உலகம் நம்பிய அதே சாலியேரி!

இதனால் சாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சம்பந்தம் ரொம்ப இருந்தது, படம் காட்டுகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். மொசார்ட்டோடு கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் ஏழு குழந்தைகள். பிழைத்தது இரண்டு பேர், அவரும் அக்காவும். மொசார்ட்டுக்குப் பிறந்தது ஆறு, தங்கியது இரண்டு. 1778 ஜூலை 3 அன்று பாரிஸில் அம்மா இறந்தபோது குடும்பத்தில் கூட இருந்தது 22 வயது மொசார்ட் மட்டும். அன்று ராத்திரி அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினார். சால்ஸ்பர்கில் இருந்த ஒரு பாதிரியார் நண்பருக்கு நிஜத்தை எழுதி, அப்பாவின் மனசைத் தயார் பண்ணச் சொன்னார். இதைப் படிச்சப்போ நம்ம வீடுகளில் வரும் போன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தது. ‘கொஞ்சம் சீரியஸா இருக்காங்க, உடனே கிளம்பி வாங்க.’

1787 ஏப்ரலில் அப்பா நோயில் விழுந்தபோது எழுதிய கடிதம் இன்னும் தெளிவு. மரணத்தோடு நன்றாகப் பழகிவிட்டேன், நாளைக்கு இருக்கமாட்டேனோ என்று நினைக்காமல் படுப்பதே இல்லை, ஆனாலும் என்னை யாரும் சிடுமூஞ்சி என்று சொல்லமுடியாது என்கிறார். வயது 31. நோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் சாவு என்பது ஒரு நாள் வந்து கதவு தட்டும் மர்ம மனிதர் இல்லை. வீட்டிலேயே இருக்கும் ஆள். அவரை வைத்துக்கொண்டேதான் சிரிக்கச் சிரிக்க ஓபரா எழுதினார்கள்.

1791 நவம்பர் 20 வாக்கில் மொசார்ட் படுத்தார். டிசம்பர் 5 நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் உயிர் போய்விட்டது. இன்னும் 36 முடியவில்லை. இறப்புப் பதிவேட்டில் கடும் காய்ச்சல் என்று இருக்கிறது. விஷம் இல்லை. பொதுக் குழியில் அநாதையாகப் போட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்து விதிகளின்படி நடுத்தர வர்க்கத்துக்கு அன்று நடந்த சாதாரண அடக்கம்தான் அது.

அன்றைக்குக் காகிதத்தில் இருந்தது எவ்வளவு? முழுசாக முடிந்தது தொடக்கப் பகுதி ஒன்றுதான். அதன் பிறகு பல பகுதிகளுக்குப் பாடகர்களின் வரியும், கீழே பேஸ் வரியும் மட்டும். நடுவில் வாத்தியங்களுக்கான வரிகள் பெரும்பாலும் காலி. எல்லோரும் கேட்டு உருகும் ‘லாக்ரிமோசா’ எட்டு பார்களோடு நிற்கிறது. கடைசியில் வரும் சாங்டுஸ், பெனடிக்டுஸ், ஆக்னுஸ் டெய் மூன்றும் அவர் கையெழுத்தில் இல்லவே இல்லை.

இப்போது கான்ஸ்டான்ஸ இருந்த நிலைமையை நினைத்துப்பாருங்கள். வயது 29. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு மாசம். கடன் இருக்கிறது. வியன்னாவில் இசைக்காரர்களின் விதவைகளுக்கு உதவும் சங்கம் ஒன்று இருந்தது. மொசார்ட் அதில் சேர 1785இலேயே மனு போட்டார். ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் கொடுக்கவே இல்லை! அதனால் அந்த உதவி கிடையாது. அரண்மனை வேலையில் பத்து வருஷம் முடிக்காததால் சட்டப்படி ஓய்வூதியமும் கிடையாது. கணவர் இறந்த ஆறாம் நாள், டிசம்பர் 11 அன்று, கான்ஸ்டான்ஸ பேரரசருக்கு மனு கொடுத்தார். கருணை அடிப்படையில் வருஷத்துக்கு 266 ஃப்ளோரின் 40 க்ராய்ட்சர் கிடைத்தது. மொசார்ட்டின் 800 ஃப்ளோரின் சம்பளத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கில்தான் ரெக்வியம் வருகிறது. முடித்துக் கொடுத்தால் மீதிப் பணம். கொடுக்காவிட்டால் முன்பணத்தையே திருப்பிக் கேட்கலாம். முதலில் யோசெப் ஐப்ளர் என்ற திறமையான இசைக்காரரிடம் கொடுத்தார். அவர் கொஞ்ச தூரம் வாத்தியம் சேர்த்துவிட்டு, லாக்ரிமோசாவின் எட்டு பார்களுக்குப் பிறகு இரண்டு பார் எழுதிப்பார்த்துவிட்டு, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வந்தது பிரான்ஸ் சூஸ்மையர் கையில். 25 வயது. மொசார்ட்டிடம் கற்றவர், கூட வேலை பார்த்தவர். அவர் முடித்தார். கையெழுத்தும் ஏறக்குறைய குருவினுடையது மாதிரியே இருக்கும். பிரபுவுக்குப் போன பிரதியின் முதல் பக்கத்தில் மொசார்ட்டின் கையொப்பம் இருக்கிறது. பக்கத்தில் ஆண்டு 792 என்று. 1792! ஆள் போனது 1791 டிசம்பரில். செத்தவர் அடுத்த வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஏமாற்று வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பாருங்கள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே இசை வாங்கியவருக்கு, மொசார்ட்டுடையது என்று சொல்லி சூஸ்மையரின் வேலையும் சேர்த்து விற்கப்பட்டது. 1793 டிசம்பர் 14 அன்று வால்செக் அதைத் தன் பெயரில் நடத்தியும் காட்டினார். மறு வருஷம் பிப்ரவரி 14, அன்னாவின் மூன்றாம் நினைவு நாளில் மறுபடியும் பாடவைத்தார். இந்த இசை எந்தக் காரணத்துக்காகக் கேட்கப்பட்டதோ அதற்காகப் பாடப்பட்டது அன்றைக்குத்தான். அவருக்கு முன்னாலேயே, 1793 ஜனவரி 2 அன்று, வான் ஸ்வீட்டன் பிரபு கான்ஸ்டான்ஸவுக்கு நிதி திரட்ட வியன்னாவில் இதைப் பாடவைத்துவிட்டார் என்பது வேறு கதை.

‘தனக்காகவே எழுதினார்’ என்பது பரவலாக அச்சில் ஏறியது 1798இல், நீமெட்ஷெக் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். இலையுதிர் காலத்தில் பிராட்டர் பூங்காவில் கண்ணீரோடு மொசார்ட் அப்படிச் சொன்னதாக வருகிறது. சொன்னது யார்? கான்ஸ்டான்ஸ. உடம்பு முடியாத மனுஷன் ஒரு சாயங்காலம் அப்படிப் புலம்பியிருக்கலாம். நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை இருந்தது. சாகும் கலைஞன் தனக்காக எழுதியது என்றால் அது கடைசி மூச்சு. மாணவன் பாதி எழுதியது என்றால் அரைகுறை வேலை. 1800இல் பதிப்பகம் இதை அச்சடிக்கிற நேரத்தில் சூஸ்மையரைக் கேட்டபோது, எது எது தன்னுடையது என்று அவர் ஒளிக்காமல் கடிதம் எழுதினார். கடைசி மூன்று பகுதிகள் புதிதாகத் தான் எழுதியவை, முடிவில் மட்டும் குருவின் தொடக்க இசையையே திரும்பக் கொண்டுவந்தேன் என்று. அதற்குப் பிறகும் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1825இல் காட்ஃப்ரீட் வெபர் என்பவர் இதில் மொசார்ட் எவ்வளவு என்று கேட்டதும் பெரிய சண்டையே வந்தது.

சூஸ்மையர் 1803இல் காசநோயில் இறந்தார். வயது 37. குருவைவிட ஒன்றிரண்டு வருஷம்தான் கூட. 1794இல் அவருடைய ஓபரா ஒன்று வியன்னாவில் நன்றாக ஓடியது. இன்று அதை யாருக்குத் தெரியும்? ஆனால் சாங்டுஸ் பாடும்போதெல்லாம் நாம் கேட்பது அவரைத்தான். ஹைடனுக்கு 1809இலும், பீத்தோவனுக்கு 1827இலும், ஷோப்பனுக்கு 1849இலும் இந்த ரெக்வியத்தைத்தான் பாடி அனுப்பினார்கள்.

மரணம் கலைஞர்களை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால், கலைஞன் சாவைப் பார்த்து நடுங்கிக்கொண்டே எழுதுகிற காட்சிதான் நம் மனசில் வருகிறது. எனக்கு இப்போது வேறு ஆட்கள் தெரிகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த, கொஞ்சம் வீம்பு பிடித்த ஒரு பிரபு. கைக்குழந்தையோடு கணக்குப் போட்ட ஒரு பெண். குருவின் எழுத்தை மாதிரி எழுதப் பழகிய ஒரு பையன். இந்த மூன்று பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் நமக்கு இன்று ரெக்வியம் கிடையாது. எட்டு பார்களில் நின்ற சில தாள்கள்தான் இருந்திருக்கும்.

இன்னும் ஒரு விஷயம். மூலப் பிரதி வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கே யாரோ ஒருவர் ஒரு தாளின் கீழ் மூலையை மட்டும் கிழித்துக்கொண்டு போய்விட்டார். ஏற்கனவே எழுதிய ஒரு பகுதியைத் திரும்பப் பாடச் சொல்லி மொசார்ட் எழுதிய சின்னக் குறிப்பு அதில் இருந்தது. அவர் கையால் எழுதிய கடைசி எழுத்து அதுதான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. துண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

சூஸ்மையர் எழுதிய பக்கங்களை அன்று அந்த ஆள் தொடவில்லை.