பம்பாயில் அடித்த டாலர்

சுனாபட்டியிலோ செம்பூரிலோ ஹார்பர் வண்டி ஏறி வி.டி.யில் இறங்குகிறவர் தம் சட்டைப்பையில் உள்ள சில்லறையைப் புரட்டிப் பார்க்கலாம். ஆண்டுக்குக் கீழே சின்ன வைரக் குறி இருந்தால், அந்தக் காசு கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கியை அடுத்துள்ள மும்பை நாணயச்சாலையில் அடித்தது. ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. இந்த நாணயச்சாலையிலேயே ஒரு காலத்தில் டாலரும் அடித்தார்கள். 1895 முதல் 1935 வரை ஆண்டு பொறித்து வந்த பிரிட்டிஷ் வணிக டாலர் அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் வெள்ளி என்று எண்ணி வாங்கிய காசுகளில் இதுவும் ஒன்று. அதன் அச்சுகளில் தென்படும் நுண்ணிய வேறுபாடுகளைச் சேகரிப்பாளரின் பித்து என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த டாலருக்கு எப்போது கிராக்கி இருந்தது, எப்போது அறுந்தது என்பதற்கு அவற்றில் சில நேரடிச் சாட்சி என்றே நான் கருதுகிறேன்.

டாலர் பம்பாய்க்கு வந்த கதை இரண்டு தட்டுப்பாடுகளில் தொடங்குகிறது. கிழக்குத் துறைமுகங்களில் புழங்கிய மெக்சிகோ டாலர் போதவில்லை. ஹாங்காங்கில் 1866இல் தொடங்கிய நாணயச்சாலையோ 1868இலேயே மூடப்பட்டு, அதன் இயந்திரங்கள் ஜப்பானுக்கு விற்கப்பட்டன. இந்தப் பக்கம், 1893இல் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து யாரும் ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை இந்திய அரசு நிறுத்தியதால், பம்பாய் நாணயச்சாலைக்கு வேலை குறைந்துபோனது. 1895 பிப்ரவரியில் வணிக டாலருக்கான ஆணை பிறந்தது. ஏறத்தாழ 26.95 கிராம் எடை, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வெள்ளி. ஒருபுறம் கையில் சூலத்தோடு நிற்கும் பிரிட்டானியா, மறுபுறம் சீனத்திலும் ஜாவி எழுத்து மலாயிலும் ‘ஒரு டாலர்’. சூலத்தின் நடுமுனையில் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரு ‘பி’: பம்பாயின் முத்திரை. இந்தக் காசு உள்ளூரில் செல்லாது. வங்கிகளுக்குக் கிழக்கே தேவைப்பட்டால் அடிப்பார்கள், இல்லாவிட்டால் அச்சு சும்மா கிடக்கும்.

சும்மா கிடந்த அச்சுகளே நமக்கு ஆதாரம். 1908 டாலர்கள் சிலவற்றில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், எட்டின் வளைவுகளுக்குள் ஒரு மூன்று தங்கியிருக்கிறது. 1903க்கென்று செய்த அச்சில் கடைசி இலக்கத்தின் மேல் எட்டைக் குத்தியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு அந்த அச்சு ஏன் தூங்கியது? 1903இல் பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்கள் தமக்கென்று தனி டாலர் கொண்டுவந்தன. அதையும் பம்பாயில்தான் அடித்தார்கள். 1904இல் பழைய வணிக டாலர் அங்கே செல்லாக்காசானது. 1905, 1906 என்று ஆண்டிட்ட வணிக டாலரே கிடையாது. சீனா, ஹாங்காங் கிராக்கி மீண்டும் எழுந்தபோது மிச்ச அச்சுகளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். இன்னும் தெளிவான சான்று 1929. அதன் சில காசுகளில் ஒன்பதுக்கு அடியில் ஒன்று தெரிகிறது. மூன்றாவது இலக்கம் இரண்டு என்பதால் அது 1921 தவிர வேறாக இருக்க வழியில்லை. 1901இல் இரண்டரைக் கோடிக்கு மேல் டாலர் அடித்த பம்பாய், 1921இல் அடித்தது ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. அச்சு தயாரான அளவுக்கு வேலை வரவில்லை. இடையே 1925இல் அடித்த டாலரில் ‘பி’ இல்லை. அது லண்டன் வேலை.

எல்லா நாணயச்சாலைகளும் சிக்கனத்துக்காகப் பழைய அச்சைத் திருத்தியவைதானே, இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1909இன் ஒன்பதுக்கு அடியில் எட்டு தெரிந்தால் அது வெறும் சிக்கனம்தான். முந்தைய ஆண்டின் மிச்சம், அவ்வளவே. அதிலிருந்து எதையும் ஊகிக்க நான் தயாரில்லை. ஐந்தாண்டு, எட்டாண்டு இடைவெளிகள் அப்படியல்ல. ஓயாமல் இயங்கும் பட்டறையில் ஓர் அச்சு அத்தனை நாள் தாங்காது. முறிந்தோ தேய்ந்தோ போய்விடும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: இலக்கம் இரட்டையாகத் தெரிவதெல்லாம் திருத்தமா? இல்லை. அடிக்கும்போது அச்சு அசைந்தால் உருவின் ஓரம் படிக்கட்டுபோல் தட்டையாக நசுங்கி இரட்டையாகக் காட்டும். அதை அரிய வகை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான திருத்தத்தில் அடியிலுள்ள இலக்கத்துக்கு அதற்கே உரிய வடிவம் இருக்கும். ஒரே அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருக்கும். ‘பி’ இல்லாத 1897, 1900 டாலர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த அச்சும் எழுத்தை விழுங்கும், அரமும் விழுங்கும்.

கணக்கேடுகளில் உள்ள எண்ணிக்கையே போதாதா என்பவர்களுக்கு 1935ஐக் காட்டலாம். அந்த ஆண்டின் கணக்கு 68 லட்சத்துக்கு மேல் சொல்கிறது. காசோ மிக அரிது. 1935 இறுதியில் சீனாவும் ஹாங்காங்கும் வெள்ளியைக் கைவிட்டன, பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டுக் கணக்கிலும் அடித்த எண்ணிக்கை மட்டுமே இருக்கும். அதில் ஒரு பங்கை 1921இன் அச்சு அடித்தது என்பதைக் காசுதான் சொல்கிறது.